முகத்துவாரத்துத் தூண்டில் ஐயா

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு முகத்துவாரத்தில் மூங்கிலால் தூண்டில் கம்பு செய்து விற்ற ஒரு பெரியவரைப் பற்றிப் பேச எனக்கு நேரம் தந்திருக்கிறார்கள். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் கம்பு செய்த முறையை, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் என்ற உரிமையில், கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். அதைக் கேட்டு யாராவது குறித்து வைத்துக்கொண்டால் எனக்குப் பெரிய நிம்மதி.

களனி கங்கை கடலில் விழுகிற இடம் முகத்துவாரம். அதற்கு வடக்கே மட்டக்குளி, காக்கைதீவு. ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பதால் அங்கே கொடுவாவும் வரும், பாரையும் வரும். கொஞ்சம் மேலே உள்ளே போனால் திலாப்பியாவும் விராலும். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடப் பொடியன்கள் எல்லாரும் தூண்டிலோடு கரைக்கு வருவார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அவரிடம்தான் கம்பு வாங்கினார்கள். எங்களுக்கு அவர் தூண்டில் ஐயா.

பிறந்தது மலையகத்துத் தோட்டம் ஒன்றில். அவருடைய அப்பா கொழுந்துக் கூடை பின்னியவர். மூங்கிலைப் பிளப்பது, சீவுவது, தணலில் காட்டி வளைப்பது எல்லாம் சிறு வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. கொழும்புக்கு வந்த பிறகும் மூங்கிலை விடவில்லை. வெசாக் மாதம் வந்தால் வெசாக் கூடு என்கிற காகித விளக்குக் கட்டுகிறவர்களுக்கு மெல்லிய மூங்கில் சிம்பு சீவிக் கொடுப்பார். காலிமுகத்திடலில் காற்று எழும்பும் காலத்தில் பட்டத்துக்கு. அந்தக் காசில்தான் வீடு நடந்தது. தூண்டில் கம்பில் பெரிய வருமானம் இல்லை, ஆனால் மனம் வைத்துச் செய்த வேலை அதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மூங்கில் ஒரு புல். முளை மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடும், சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு அது வளர்வதில்லை, முற்றுகிறது. முற்றுவதற்கு மூன்று நான்கு வருடம் வேண்டும். இளசை வெட்டினால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். ஐயா அவிசாவளைப் பக்கம் போய்த் தானே புதருக்குள் நுழைந்து பார்ப்பார். கணுவில் ஒட்டியிருக்கும் மட்டை விழுந்திருக்க வேண்டும், தண்டின் மேலுள்ள வெள்ளைப் பொடி போயிருக்க வேண்டும், தோலில் பாசி பிடித்த புள்ளிகள் தெரிய வேண்டும். அப்புறம் கத்தியின் முதுகால் தட்டிக் காது கொடுப்பார். முற்றல் கணீரென்று பேசும். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையில் நிற்கிற ராட்சத மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் தூண்டிலுக்கு ஆகாது. விரல் பருமனில், கணுவுக்குக் கணு இடைவெளி ஒரே சீராகக் குறைந்துகொண்டு போகிற ஒல்லித் தண்டுதான் வேண்டும். ஒரு புதர் முழுக்கத் தேடி ஒன்றுமே எடுக்காமல் திரும்பிய நாட்களும் அவருக்கு உண்டு.

வெட்டியதும் கொண்டுவர மாட்டார். இலையோடு அதே புதரில் சாய்த்து நிறுத்திவிட்டு வருவார். இலை வாடும் வரை தண்டிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு கொண்டுவந்து ஆற்றில் அமிழ்த்திக் கல் வைப்பார். மூங்கிலுக்குள் மாச்சத்து இருக்கிறது. துளை போடுகிற வண்டு அதைத் தேடித்தான் வருகிறது. ஓடுகிற தண்ணீரில் சில வாரம் கிடந்தால் மாச்சத்துக் கரைந்துபோகும், வண்டுக்கு வேலை இருக்காது. அதற்குப் பிறகு நிழலில், வீட்டுத் தாவாரத்தில், நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காய விடுவார். வெயிலில் ஒருநாளும் காட்டமாட்டார். யாராவது அவசரப்படுத்தினால், “தம்பி, காயாத கம்பு இன்றைக்கு உங்களுக்கு நேராக இருக்கும், நாளைக்கு உங்களைப் பார்த்து வளையும்” என்பார்.

காய்ந்த கம்பை நேராக்குவதுதான் நான் மிகவும் விரும்பிப் பார்த்த வேலை. சிரட்டைக் கரித் தணலுக்கு மேலே கம்பைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். புகை வரக்கூடாது, கருகக்கூடாது. கொஞ்ச நேரத்தில் தோலில் எண்ணெய் கசிந்து மின்னும். அந்த நொடியில் மூங்கில் இளகியிருக்கும். முழங்காலில் வைத்துக் கோணலை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைப்பார், அப்படியே இறுகிவிடும். ஒவ்வொரு கணுவாக இதைச் செய்ய வேண்டும். ஒற்றைக் கண்ணை மூடி, கம்பை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் தணல்.

கணுக்களின் மேட்டை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார். ஆனால் தோலைத் தொடவே விடமாட்டார். மூங்கிலின் பலம் முழுக்க அந்த வெளித்தோலுக்கு அடியில், நார் நெருக்கமாக ஓடுகிற இடத்தில் இருக்கிறது. அழகுக்காகத் தோலைச் சீவிய கம்பு முதல் பெரிய மீனிலேயே முறிந்துபோகும். பிறகு நூல்சுற்று, மெல்லிய வார்னிஷ், காய்ந்ததும் மறுபடி வார்னிஷ். தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, நுனியில் மட்டும் கட்டிக் கொடுக்கமாட்டார். அடியில் பிடிக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு, கம்பு நெடுகச் சுற்றிக் கொண்டுபோய், நுனியில் இன்னொரு முடிச்சு. நுனி முறிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. நூறு ரூபாயை எண்ணி எண்ணிச் செலவு செய்கிற ஒருவருக்கு அந்த ஒரு மீன் அன்றைய இரவுச் சாப்பாடு. அதை நினைத்துக் கட்டிய முடிச்சு அது.

கம்பு கேட்டு வருகிறவரிடம் முதலில் எங்கே நின்று பிடிக்கிறீர்கள் என்று கேட்பார். பிறகு கையை நீட்டச் சொல்வார். பொடியனுக்கு நுனி மென்மையாக, பாறையில் நின்று பாரை பிடிக்கிறவருக்கு அடி தடிப்பாக. மாலைதீவுக்காரர் மாசிக்காகச் சூரை பிடிக்கிறார்களே, அது வேறு கணக்கு. அந்தத் தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கிற எதிர்முள் கிடையாது, கொத்தியதும் மீனை அப்படியே தோணிக்குள் வீச வேண்டும். முன்பெல்லாம் அங்கேயும் மூங்கில் கம்புதான், இப்போது ஃபைபர். அந்த விறைப்பான கம்பைக் களனியில் போட்டால் மீனின் வாய் கிழிந்துவிடும் என்பார் ஐயா. கம்பு வளைந்து கொடுத்து மீனைக் களைக்கவைக்க வேண்டும், பிறகு தானாக நிமிர வேண்டும்.

இந்த நிமிர்வைத் தமிழ் எவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது! குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், தினைப்புனக் காவலரின் கவண் ஒலிக்கு அஞ்சி யானை பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. அது மீன் பிடித்த தூண்டில்போல மேலே எழும்புகிறது. பாடிய புலவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அந்த உவமையை வைத்து மீனெறி தூண்டிலார் என்றே அழைக்கிறோம். ஐயாவுக்கு ஒருமுறை இதைச் சொன்னேன். பாட்டை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அவர் கம்பு பிடித்தவர்தான், கரையில் நின்று பார்த்தவர் இல்லை” என்றார். எந்த உரையாசிரியரும் எனக்குத் தராத விளக்கம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவின் ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்க அவர்கள் கொண்டுவந்தது பிளந்த மூங்கில் கம்பு. அப்படி ஒரு பழைய கம்பு, ஒட்டு விட்டுப்போன நிலையில், ஐயாவிடம் திருத்த வந்தது. ஆறு சிம்புகள். ஒவ்வொன்றும் முக்கோணமாகச் சீவி, தோல் வெளிப்பக்கம் வர ஒட்டியிருந்தது. குறுக்கே வெட்டினால் அறுகோணம். உள்ளே வெற்றிடமே இல்லை. அந்த மூங்கில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் விளைவது. ஐயா சிம்புகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கணுக்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வராதபடி தள்ளித் தள்ளி வைத்திருப்பதைக் காட்டி, “பாருங்கள், யோசித்திருக்கிறான்” என்றார். முன்பின் தெரியாத ஒரு தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளி கொடுத்த மரியாதை அது. திருத்திக் கொடுத்தபோது ஒட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் எவரெட் கேரிசன் என்று ஒரு பொறியியலாளர் இந்த வகைக் கம்புகளைச் செய்தார். அவர் 1975இல் மறைந்தார். அவரோடு கூட இருந்து கற்ற ஒருவர் அவருடைய முறையை ஒவ்வொரு படியாக எழுதி 1977இல் நூலாகக் கொண்டுவந்தார். இன்றும் அதைப் படித்துக் கம்பு செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஐயாவிடம் இருந்த அறிவும் அப்படி எழுதப்பட வேண்டியதுதான். அவர் யாருக்கும் ஒளிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒழுங்கையில் ஒரு பையன் கொஞ்சம் பழகினான், பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். மடித்துச் சுருக்குகிற ஃபைபர் கம்புகள் புறக்கோட்டையில் மலிவாக வந்தன. ஐயா அவற்றைக் குறை சொன்னதில்லை, தங்கூசி ஓடுகிற வளையம் கழன்றால் அதையும் வாங்கி நூல் சுற்றிக் கொடுத்தார்.

அவர் செய்த கம்புகள் வடகொழும்பு வீடுகளில் இன்னும் இருக்கும். பெயர் எழுதியிருக்காது. பிடிக்கு மேலே சிவப்பு நூலில் மூன்று சுற்றுக்கட்டு, நடுவில் உள்ளது மற்ற இரண்டையும்விட அகலம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். நுனி கீழே வர ஆணியில் தொங்கவிடுங்கள். கடலில் பாவித்திருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி நிழலில் காயவையுங்கள். நூல்சுற்றில் வார்னிஷ் உரிந்திருந்தால் மெல்லியதாக ஒருமுறை பூசிவிடுங்கள், ஈரம் முதலில் இறங்குவது அந்த வழியாகத்தான். வளைந்தே போயிருந்தாலும் வீசிவிட வேண்டாம். சிரட்டைத் தணல் போதும், நேராக்கலாம்.

வணக்கம்.