பாய்லர் நின்றுபோனால் மானியம் கிடைக்குமா?

[திரையில்: உறைபனி படிந்த சன்னல். சுவரில் வெள்ளை பாய்லர் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது.]

வணக்கம். ஜனவரி மாதம், காலை ஆறு மணி. குழந்தையைக் குளிப்பாட்டக் குழாயைத் திறக்கிறீர்கள், பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. ரேடியேட்டரைத் தொட்டால் கை சில்லிடுகிறது. இங்கிலாந்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் பலருக்கு இந்தக் காலைப்பொழுது பழக்கமானது. உடனே போனை எடுத்து "இலவச பாய்லர்" என்று தேடுகிறோம். தேடிய பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் அழைக்கிறார்.

அந்த அழைப்பை எடுப்பதற்கு முன் இந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். பாய்லர் கெட்டுப்போனது என்பதற்காக மட்டும் யாரும் மானியம் தருவதில்லை. வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, வருமானம் எவ்வளவு, வீட்டின் ஈபிசி என்ற ஆற்றல் சான்றிதழில் என்ன எழுத்து இருக்கிறது, பழைய பெட்டியை எடுத்துவிட்டு எதை வைக்கப் போகிறீர்கள், இவற்றைத்தான் கேட்பார்கள்.

[திரையில்: வீட்டின் வெளிச்சுவரில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் பனி.]

சரி, முதலில் அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொருத்திய கேஸ் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே கண்டென்சிங் வகை, அதாவது வெளியேறும் புகையின் வெப்பத்தையும் பயன்படுத்துபவை. அதிலிருந்து கழிவுநீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகும். கடும் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து குழாய் அடைத்துக்கொண்டால் பாய்லர் தானாகவே நின்றுவிடும். உள்ளே களகளவென்று சத்தம் கேட்கும். வெளியே இருக்கும் குழாய் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். பிறகு ரீசெட் அழுத்துங்கள். பிரஷர் முள்ளையும் பாருங்கள், குளிர்ந்த நிலையில் அது பொதுவாக 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். இதற்கு மேல் பெட்டியைத் திறக்கிற எந்த வேலையும் கேஸ் வேலை செய்யச் சட்டப்படி தேவையான கேஸ் சேஃப் பதிவு பெற்றவருடையது. தெரிந்த அண்ணன் ஒருவர் மலிவாகச் செய்து தருவார் என்றாலும், பதிவு இல்லையென்றால் விடாதீர்கள்.

[திரையில்: வாடகை ஒப்பந்தம், சாவிக்கொத்து.]

நீங்கள் வாடகைக்கு இருப்பவரா? அப்படியானால் மானியம் தேடி அலைய வேண்டியவர் நீங்கள் அல்ல. 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஹீட்டிங்கையும் சுடுதண்ணீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல்தான் வைக்கிறது. போனில் சொன்னதோடு விடாமல் மெசேஜிலோ ஈமெயிலிலோ தேதியோடு எழுதுங்கள். அவர் அசையவில்லை என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வீட்டில் கடுங்குளிர் நிலவுவதை உடல்நலத்துக்கு ஆபத்தாகவே அவர்கள் கணக்கில் எடுப்பார்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். "புகார் சொன்னால் வெளியே போகச் சொல்வாரே" என்று நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. காரணம் சொல்லாமல் வெளியேற்ற வழிவிட்ட 21-ஆம் பிரிவு நோட்டீஸுக்கு 2026 மே 1-ஐ முடிவுத் தேதியாக வைத்திருக்கிறது புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம்.

[திரையில்: ஏ முதல் ஜி வரை வண்ணப் பட்டைகள்.]

இனி சொந்த வீட்டுக்காரர்கள். முதல் வேலை ஈபிசி. வீடு ஆற்றலை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதை ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை காட்டும் இந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும். அரசு இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் காசில்லாமல் பார்க்கலாம். வீடு வாங்கும்போது கிடைத்த சான்றிதழ் காலாவதியாகி இருப்பதே தெரியாமல் பலர் விண்ணப்பிக்கிறார்கள், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து இன்றே பாருங்கள், பாய்லர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பாருங்கள்.

வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கவுன்சிலைக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2025-ல் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் தொடங்கியது. ஈபிசி டி முதல் ஜி வரை உள்ள தனியார் வீடுகளுக்கானது. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 36,000 பவுண்டுக்குள் இருக்கலாம், அல்லது யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி வாங்கலாம், அல்லது வீடு குறிப்பிட்ட போஸ்ட்கோடுகளில் இருக்கலாம். மூன்றில் ஒன்று போதும். ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பணத்தில் புதிய கேஸ் பாய்லர் வாங்க முடியாது. வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் காப்பு வேலைகளும், வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போன்றவையும்தான்.

"முன்னே பக்கத்து வீட்டுக்கு இலவசமாக கேஸ் பாய்லர் வைத்துக் கொடுத்தார்களே?" அது ஈகோ என்ற திட்டம், எரிசக்தி நிறுவனங்கள் மேல் அரசு சுமத்திய கடமை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள். அதை நம்பி இந்தக் குளிர்காலத்தைத் திட்டமிடாதீர்கள்.

அம்மா அப்பா உங்களோடு இல்லாமல் தனியே வாழ்கிறார்கள் என்றால் அவர்களுக்கு, வருமானம் குறைந்த ஓய்வூதிய வயதினருக்கான பென்ஷன் கிரெடிட் உதவித்தொகைக்கு உரிமை உண்டா என்று ஒருமுறை சரிபாருங்கள். அது கைக்கு வந்தால் வேறு பல உதவிகளின் கதவும் திறக்கும், தகுதி இருந்தால் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டும் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்படுகிற தலைமுறை அது. நாம்தான் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

[திரையில்: வீட்டின் பின்புறம், விசிறியோடு ஒரு பெரிய பெட்டி.]

வருமானம் அந்த 36,000 பவுண்டு வரம்பைத் தாண்டுகிறதா? அப்போதும் ஒரு வழி இருக்கிறது. பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். பெயரில்தான் பாய்லர், பணம் பெரும்பாலும் ஹீட் பம்புக்கு. 2022-ல் 5,000 பவுண்டாகத் தொடங்கிய காற்று வழி (வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும்) ஹீட் பம்ப் மானியம் 2023 அக்டோபரில் 7,500 ஆனது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். வருமானம் கேட்பதில்லை. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கும் உரிமையாளர் வாங்கலாம். பழைய பாய்லர் உடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேஸ், எண்ணெய் அல்லது நேரடி மின்சார ஹீட்டிங்கை முழுதாக எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். கேஸ் பாய்லரையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் பம்பும் வைக்கிற கலப்பு ஏற்பாட்டுக்குக் கிடையாது. கூரைக்கடியில் காப்பு போட்டிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2024 மே மாதம் நீக்கிவிட்டார்கள். ஆனால் கூரையில் காப்பு இல்லாத வீட்டில் பம்ப் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான், அதை முதலில் போடுங்கள்.

விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்துவோருக்கான எம்சிஎஸ் தரச்சான்று பெற்ற நிறுவனம். மானியத்தைக் கழித்துக்கொண்டுதான் உங்களிடம் விலை சொல்ல வேண்டும். திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிலிருந்து உங்கள் சம்மதம் கேட்டு ஈமெயில் வரும். அது ஸ்பாமில் விழுந்து கிடந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும், தேடிப் பாருங்கள். காற்று வழி பம்புக்கான வவுச்சர், அதாவது மானிய ஒப்புதல், மூன்று மாதம்தான் செல்லும்.

வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம். ஹீட் பம்பின் வெளிப்பெட்டி எல்லைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால்தான் திட்ட அனுமதி இல்லாமல் வைக்கலாம் என்றிருந்த விதியை 2025 மே மாதம் இங்கிலாந்தில் எடுத்துவிட்டார்கள். லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களின் சின்னப் பின்முற்றங்களுக்கு அந்த ஒரு மீட்டர் பெரிய தடையாக இருந்தது. லீஸ்ஹோல்ட் பிளாட் என்றால் நில உரிமையாளரின் அனுமதி தனியே வாங்க வேண்டும்.

இப்போது பணக் கணக்கை நேராகப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் தரும். ஆகவே கேஸிலிருந்து மாறுகிற வீட்டில் பில் பெரும்பாலும் பழைய அளவை ஒட்டியே இருக்கும். பாதியாகக் குறையும் என்று சொல்கிற விற்பனையாளரிடம் கணக்கை எழுதிக் கேளுங்கள். மின்சார ஹீட்டரில் வாழ்கிற வீட்டுக்குத்தான் இலாபம் பெரிது. அப்புறம், காம்பி பாய்லர் (தொட்டியில்லாமல் நேரடியாகச் சுடுதண்ணீர் தருவது) இருந்த வீட்டில் சுடுதண்ணீர்த் தொட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும், சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டியும் வரலாம். அறை அறையாக வெப்ப இழப்பை அளக்காமல் விலை சொல்கிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

[திரையில்: போனில் வரும் விளம்பரம், "இன்றே கடைசி நாள்!"]

எங்கள் அத்தை ஒருவருக்கு இப்படி அழைப்பு வந்தது. மானியம் உறுதி, முன்பணம் மட்டும் இன்றே கட்டுங்கள் என்றார்கள். கட்டினார். அவருடைய ஈபிசி காலாவதியாகி இருந்ததை அவர்கள் கேட்கவே இல்லை. அந்தப் பணம் திரும்பவில்லை, அந்தக் குளிர்காலம் முழுக்க அத்தை மூன்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. யார் அழைத்தாலும் எம்சிஎஸ் தளத்தில் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். விசாவில் அரசு நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், கவுன்சில் உதவிக்குக் கையெழுத்து போடும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் வழி வேறு: ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து, அங்கே ஹீட் பம்புக்கு மானியத்தோடு வட்டியில்லாக் கடனும் உண்டு.

மானியம் வந்து வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை? பழைய பாய்லரைக் கொஞ்ச செலவில் ஓட வைக்க முடிந்தால் ஓட வையுங்கள். அவசரத்தில் புதிய கேஸ் பாய்லர் வாங்கிவிட்டால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுக்கு அதோடுதான் வாழ்வீர்கள். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் ஒன்றை எல்லோரும் கூடியிருக்கும் அறையில் வையுங்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் அங்கேயே தூங்க விடுங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதன் புகை உயிரை எடுக்கும். கேஸ் வாசனை வந்தால் சன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999-ஐ அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.