உங்கள் மகள் கால்பந்து ஆடுகிறாளா? ஒரு ஓட்டுச்சில்லு எடுத்துக்கொண்டு வாருங்கள்!

[காட்சி: மண் தரை. சுண்ணாம்பில் கிழித்த பாண்டிக் கட்டம். ஒரு சிறுமி நொண்டியடித்துப் போகிறாள்.]

இந்தப் பிள்ளை பாண்டி ஆடுகிறாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இங்கே நடப்பது கால்பந்துப் பயிற்சி! காட்சியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அவள் கால் ஊன்றுகிற இடத்தை மட்டும் பாருங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, தெரிகிறதா? அந்தச் சின்னச் சாய்வு ஒரு பிள்ளையின் முழு சீசனையும் தின்றுவிடும்.

வணக்கம். வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம். பிள்ளைகளுக்கு 13, 14 வயது. பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்கு சேச்சி. ஜூனில் பள்ளி திறந்தால் சீசன் தொடங்கிவிடும். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் உபஜில்லா போட்டிக்குப் போவார்கள், தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் குறுவட்டப் போட்டிக்குப் போவார்கள். பின்னணி இவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

போன சீசனில் என் அணியின் வலது விங், அதாவது வலது ஓரத்தில் ஆடும் பிள்ளை, பந்தோடு ஓடினாள், சட்டென்று திரும்பினாள், விழுந்தாள். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருத்தி கூட இல்லை. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். ஸ்கேனில் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார் அது. அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம் ஆகும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ‘யாரும் தொடவே இல்லையே, எப்படி?’ என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. ஏ.சி.எல். கிழிசல்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமலே நடக்கின்றன. ஓடிவந்து சட்டென நிற்கும்போது, திசை மாறும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். வயதுக்கு வரும் காலத்தில் உயரமும் எடையும் மளமளவென்று கூடுகின்றன. இடுப்பிலும் பின்தொடையிலும் பலம் அதே வேகத்தில் கூடுவதில்லை. அதனால் இறங்கும்போது கால் விறைப்பாக நிற்கும், முழங்கால் உள்ளே சாயும். இது பயிற்சியால் மாற்றக்கூடிய பழக்கம். எனக்கு நம்பிக்கை கொடுத்ததும் அதுதான்.

ஃபிஃபா இதற்கென்றே 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் வைத்திருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம். முதலில் மெது ஓட்டம், நடுவில் பலமும் சமநிலையும் தாவலும், கடைசியில் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,800-க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இந்த வார்ம்-அப் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு ரூபாய் செலவு கிடையாது!

ஆனால் என் பிள்ளைகள் நாலாவது நாளே முகம் சுளித்தார்கள். ‘அக்கா, பந்து எப்போ?’ அப்போதுதான் மைதானத்து ஓரத்தில் இரண்டு வாண்டுகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

[காட்சி: ஓட்டுச்சில்லு, கட்டத்துக்குள் விழுகிறது.]

யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் தாவ வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. இரட்டைக் கட்டத்தில் இரண்டு காலும் ஒன்றாக இறங்க வேண்டும். உச்சியில் எம்பித் திரும்ப வேண்டும். வரும் வழியில் நொண்டிக் காலிலேயே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். அந்தக் குனிதல் இருக்கிறதே, அதற்காகவே இந்த வீடியோ போட்டேன்! இடுப்பும் பின்தொடையும் சேர்ந்து ஒற்றைக் காலில் உடம்பு மொத்தத்தையும் தாங்குகின்றன. நம் பாட்டிமார் இதை வாசலில் ஆடினார்கள். மலையாளத்துப் பிள்ளைகள் ‘இது எங்க கக்குகளி’ என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஆட்டம் ஒன்று, பேர் இரண்டு.

நான் மாற்றியது கொஞ்சம்தான். வீட்டில் ஆடும்போது எல்லாரும் தங்களுக்கு வாகான காலில்தான் நொண்டுவார்கள். இங்கே ஒரு சுற்று வலது, ஒரு சுற்று இடது. ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கியதும் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி, கால் விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். அப்புறம் மிக முக்கியமான விதி, சத்தமே கேட்கக் கூடாது. தொப்பென்று இறங்கினால் அவுட். பூனை மதில் சுவரிலிருந்து இறங்குவது போல இறங்கு என்றால் எந்தப் பிள்ளைக்கும் உடனே புரிகிறது. பாண்டி முடிந்த சூட்டோடு 11 பிளஸை முழுசாகச் செய்துவிடுகிறோம். அதில் பின்தொடைக்கு ஒரு பயிற்சி உண்டு. தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முட்டி போட்டபடி உடம்பை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். ஆரம்பத்தில் 3 முதல் 5 தடவை போதும். அதற்கே முனகுவார்கள், விடாதீர்கள்.

ஆடை பற்றி ஒரு வார்த்தை. லெக்கிங்ஸ் போடலாமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், ஷார்ட்ஸின் நிறத்தில் இருக்க வேண்டும். தலையை மூடிக்கொண்டு ஆடுவதற்கும் 2014-இலிருந்து விதியில் அனுமதி உண்டு. எங்கள் அணியில் ஒரு பிள்ளையின் அத்தா இதைக் கேட்ட பிறகுதான் மகளுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை! தூக்கி அடித்த கோல் கிக் திரும்பி நம் பக்கமே வரும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தரைப் பாஸ் மட்டுமே பழகுகிறோம். டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் ஆடுவது என்று நாமே கேட்டு வாங்கலாம். நான் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடச் சொல்வேன். கால் களைக்காதபோது சமாளிப்பது சுலபம்.

2019-இல் மதுரையின் சேது எஃப்.சி., அடுத்து 2020-இலும் 2022-இலும் கோகுலம் கேரளா. இந்தியப் பெண்கள் லீக் கோப்பை எல்லைக்கு இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. நடுவில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒரு வேலை தருகிறேன். உங்கள் மகளை ஒரு படியிலிருந்து குதிக்கச் சொல்லி முன்பக்கமிருந்து போனில் எடுங்கள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறேன்.

[காட்சி: கட்டத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. முழங்காலில் பட்டை கட்டிய பிள்ளை, கையில் சுண்ணாம்பு.]

இவள்தான் அந்த வலது விங். தினமும் கட்டம் கிழிப்பது இவள், யார் முழங்கால் சாய்ந்தாலும் முதலில் கத்துவதும் இவள். டாக்டர் நடைப்பயிற்சியைத் தாண்டி மெது ஓட்டத்துக்கு இந்த வாரம்தான் சரி சொல்லியிருக்கிறார்.