ஆட்டத்துக்கு 25 புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கடல் மாதிரி விரிந்த விஷயம். அதனால் ஒரு பல்கலைக்கழகம் ஒரு வேலைக்கு ஆள் எடுத்த கதையை மட்டும் சொல்கிறேன். ஐயோவா பல்கலைக்கழகம், 2024 ஜனவரி. வேலையின் பெயர் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இந்தக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், இல்லையென்றால் எறிவார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். முடியாது என்று தோன்றினால் நான்காவது முயற்சியில் பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி உதைத்துவிடுவார்கள், அதற்குப் பன்ட் என்று பெயர். தாக்கி ஆடும் பதினொரு பேர் வேறு, தடுத்து ஆடும் பதினொரு பேர் வேறு. தாக்கி ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் என்ன ஆட்டம் ஆட வேண்டும் என்று உத்தரவு கொடுப்பவர்தான் இந்த அஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அவருக்கு மேலே தலைமைப் பயிற்சியாளர் இருக்கிறார். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் முதலில் போவது கோஆர்டினேட்டர் தலைதான்.

ஐயோவாவின் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999-லிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். அவருடைய வழி ரொம்ப எளிது: தடுப்பு ஆட்டம் பலமாக இருக்க வேண்டும், நம் பக்கம் தப்பு நடக்கக் கூடாது, வழியில்லை என்றால் பந்தை உதைத்துவிட்டு எதிரணி தடுமாறும்வரை காத்திருக்க வேண்டும். 2023 வரை அவரிடம் இருந்த அஃபென்ஸ் கோஆர்டினேட்டர்கள் மூன்றே பேர். கென் ஓகீஃப், கிரெக் டேவிஸ், அப்புறம் 2017-லிருந்து அவருடைய சொந்த மகன் பிரையன். சொந்தக்காரருக்குக் கீழே வேலை பார்க்கக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் விதி உண்டு. அதனால் பிரையனின் மேலதிகாரி அப்பா இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநர்தான் என்று தாளில் எழுதி வைத்தார்கள். தாளில்!

2022-ல் நிலைமை முற்றியது. முதல் ஆட்டத்தில், ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் சவுத் டக்கோட்டா ஸ்டேட்டை ஐயோவா 7-3 என்று வென்றது. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. ஏழு என்றதும் ஒரு டச்டவுன், கூட ஒரு புள்ளிக்கு ஒரு உதை என்றுதான் யாரும் நினைப்பார்கள். டச்டவுனே கிடையாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் ஒரு ஃபீல்ட் கோலுக்கு மூன்று. எதிரணியை அதன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கினால் கிடைக்கும் சேஃப்டி இரண்டு முறை, அதற்கு நான்கு. அதாவது அந்த நான்கு புள்ளியையும் எடுத்துக் கொடுத்தது தடுப்பு ஆட்டக்காரர்கள். அடுத்த வாரம் ஐயோவா ஸ்டேட்டிடம் 10-7 என்று தோல்வி. வருட முடிவில் சராசரி ஆட்டத்துக்கு 17.7 புள்ளி.

இங்கேதான் நிர்வாகம் ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. மகனை அனுப்பவும் மனமில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. 2023 பிப்ரவரியில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8 லட்சத்து 50 ஆயிரமாக இறங்கியது. அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுத்து, ஏழு ஆட்டமாவது ஜெயித்தால் வேலை நிலைக்கும், போனஸும் உண்டு. இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும். பதின்மூன்று ஆட்டத்துக்கு 325 புள்ளி என்று ரசிகர்கள் கணக்குப் போட்டு, அதையே கோஷமாக்கிவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் யூட்டா ஸ்டேட்டை 24-14 என்று வென்றார்கள். ஜெயித்த அணியின் ரசிகர்கள் ஒரு புள்ளி குறைகிறதே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 25-இல் தடுப்பு ஆட்டக்காரர்கள் எடுக்கும் புள்ளியும் சேர்த்தி. அதாவது கோஆர்டினேட்டரை அளக்க வைத்த கோலில் அவர் தொடாத ஆட்களின் உழைப்பும் விழும். இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. புள்ளி எடுக்க வேகம் வேண்டும், துணிந்து எறிய வேண்டும், பந்து பறிபோனாலும் பரவாயில்லை என்று இருக்க வேண்டும். இதையெல்லாம் அனுமதிப்பது யார்? தலைமைப் பயிற்சியாளர். அவர் கையெழுத்து போடாத ஒரு நிபந்தனையை மகன் தலையில் கட்டினார்கள்.

2023-ல் என்ன நடந்தது பாருங்கள். செப்டம்பர் கடைசியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், கேட் மெக்நமாரா முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். நார்த்வெஸ்டர்னை 10-7, இல்லினாயை 15-13, நெப்ராஸ்காவை 13-10. எல்லாம் வெற்றி! மெல்போர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியர் அந்த ஒரு பருவத்தில் 4,479 கஜம் பன்ட் உதைத்து தேசியச் சாதனை படைத்தார். ஒரு அணியில் பன்ட் உதைக்கிறவர் நட்சத்திரமாக இருந்தால், அங்கே தாக்குதல் ஆட்டம் எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் 30-ஆம் தேதி, அணி 6 வெற்றி 2 தோல்வி என்று இருந்தபோதே, இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ் பிரையன் அடுத்த வருடம் இருக்க மாட்டார் என்று அறிவித்துவிட்டார். கடைசியில் 10 வெற்றி, 4 தோல்வி. ஆனால் மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. சராசரி 15.4.

சரி, அடுத்து யார்? டிம் லெஸ்டர் வந்தார். வெஸ்டர்ன் மிச்சிகனில் ஆறு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்டவர். 2023-ல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஆய்வாளர் வேலை. பலருக்கு ஏமாற்றம்தான், பெரிய பெயர் இல்லையே என்று. எனக்கு அது புத்திசாலித்தனமான தேர்வாகப் பட்டது. பெரியவர் கிர்க் அடிப்படையில், தாக்கி ஆடுகிறவர்களின் முன்வரிசையைப் பழக்கியவர். அந்த வரிசை மொத்தமும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகர, ஓடுகிறவன் இடைவெளி பார்த்து நுழைவது அவருக்குப் பிடித்த ஆட்டம். கிரீன் பேயிலிருந்து லெஸ்டர் கொண்டுவந்ததும் அதன் நெருங்கிய உறவுதான். கூடவே பந்து எடுப்பதற்கு முன் ஆட்களை இடம் மாற்றி எதிரணியைக் குழப்புவது போன்ற புது விஷயங்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் போய், இனி பந்தை மைதானம் முழுக்க எறிவோம் என்று ஒருவர் சொன்னால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அவர் ஏற்கெனவே நம்புகிற ஒன்றை மேலும் கூர்மையாக்கித் தருகிறேன் என்றால் காது கொடுப்பார்.

கேலப் ஜான்சன் என்ற ஓட்டக்காரர் முந்தைய வருடமும் அதே அணியில்தான் இருந்தார், நடுவில் காயம்பட்டதோடு 463 கஜம் ஓடினார். 2024-ல் 1,537 கஜம், ஓடியே 21 டச்டவுன். முன்வரிசைக்கு வயதும் அனுபவமும் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும், எல்லாப் புகழையும் லெஸ்டருக்கே கொடுத்துவிட முடியாது. அணியின் சராசரி 27.7-க்கு ஏறியது. அந்தப் பழைய நிபந்தனை இருந்திருந்தால் போனஸ் கிடைத்திருக்கும்.

ஆனால் வெற்றிக் கணக்கு? 8 வெற்றி, 5 தோல்வி. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கூடியும், முந்தைய வருடத்தைவிட இரண்டு வெற்றி குறைவு. 25 என்று எழுதி வைத்தவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்!

பந்து எறியும் ஆட்டம் மட்டும் தேறவில்லை. காயங்களால் மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்கினார்கள், எறிந்து எடுத்த கஜத்தில் நாட்டின் கடைசி வரிசையில்தான் ஐயோவா. அதனால் 2025-க்கு மார்க் க்ரோனவ்ஸ்கியை அழைத்துவந்தார்கள். 7-3 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் சவுத் டக்கோட்டா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் அவர்தான். பிற்பாடு அங்கே இரண்டு தேசியப் பட்டம் வென்றவர். எறியத் தெரிந்த ஆள் வந்துவிட்டார், இனி பாருங்கள் என்றார்கள். அந்தப் பருவத்தில் அவர் எறிந்து எடுத்த டச்டவுன்களைவிடத் தானே ஓடி எடுத்தவை அதிகம். கிர்க் ஃபெரன்ட்ஸுக்கு அதில் ஒரு குறையும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.