சுவரும் சித்திரமும்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையை அழகு செய்யும் நூலகர் அம்மையார் அவர்களே, வரைபலகையும் கையுமாக வந்திருக்கும் இளம் ஓவியர்களே, பால்புதுமையர் தோழர்களே, அவர்களைப் பெற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொற்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பால்புதுமையர், அதாவது பாலினத்திலும் பாலீர்ப்பிலும் வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்கள். அவர்களின் வரலாற்றையும் கோட்பாட்டையும் படக்கதையாகச் சொல்வது பற்றி வரலாறு, கோட்பாடு, கலைச்சொல் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

1919-இல் பெர்லினில், ஒருபாலீர்ப்பினரின் உரிமைக்காகப் போராடிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள். நான்கே நாளில், மே 10 அன்று, அதன் நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிந்தன. சித்திரத்தை அழிக்க வந்தவர்கள் சுவரையே இடித்தார்கள். அமெரிக்காவில் தீ வைக்கவில்லை, விதி வைத்தார்கள். 1954-இல் பதிப்பாளர்களே வகுத்துக்கொண்ட படக்கதை நெறிமுறை, ‘பாலியல் பிறழ்வு’ என்று பெயரிட்டு, அதைச் சாடையாகக் காட்டுவதைக்கூடத் தடை செய்தது. 1989-இல்தான் தளர்ந்தது. எழுத்தில் இருந்ததைவிடப் படத்தில் இருந்ததற்கே அதிகம் அஞ்சினார்கள் என்பது என் துணிபு.

கோட்பாட்டுக்கு வருகிறேன். ஒரு நூலகத்தில் பால்புதுமையர் பற்றிய படநூல் ஒன்றைக் கேட்டேன். பட்டியலில் இருந்தது, அலமாரித் தட்டில் இல்லை. பூட்டிய பீரோவில் இருப்பதாகச் சொன்னார்கள். சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள். மறுவாரம் போனேன், சாவியைக் காணோம். மூன்றாம் முறை, பணியில் இருந்த அம்மா ஒருவர் பீரோவைத் திறந்தார். “படம் போட்ட புத்தகம் ஐயா, பிள்ளைகள் கையில் பட்டுவிடும் என்றுதான்...” என்று இழுத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கத்தை விரித்து அவர் முன் வைத்தேன். ஏழு கட்டங்கள். ஒரே ஆள் தலை வாருகிறார், பொத்தான் போடுகிறார், கால்மேல் கால் போட்டு உட்காருகிறார், சட்டென்று காலைக் கீழே இறக்கிக்கொள்கிறார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கட்டத்திலும் ஏழாம் கட்டத்திலும் மாறி மாறி விரல் வைத்தார். “ஏழும் ஒரே ஆள்தானா? திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரைந்திருப்பதால்தானே அப்படித் தோன்றுகிறது?” என்றார்.

அவையோரே, அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் பட்லர் 1990-இல் எழுதியதும் இதைத்தான். பாலினம் உள்ளே உறையும் பொருளன்று. திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாவது. ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி வரைந்தால்தான் படக்கதையில் ஓர் ஆள் உண்டு. கோட்பாட்டுக்கும் வடிவத்துக்கும் இவ்வளவு பொருத்தம் இருக்க, எளிமைப்படுத்துகிறோம் என்று குறை சொல்வோரை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மா இரவல் பதிவேட்டில் தன் பெயரையே எழுதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் மறுபடியும் காத்திருந்தேன், மனநிறைவோடு.

கலைச்சொல் ஒன்றுமில்லாமலே அந்த அம்மாவுக்குக் கோட்பாடு புரிந்துவிட்டது. அதனால் மூன்றாவதாகச் சொல்ல வந்த கலைச்சொற்களை விட்டுவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன். சுவரை வைத்துத்தான் சித்திரம். நமக்குச் சுவர் பொதுநூலகத்தின் திறந்த அலமாரி. பூட்டிய பீரோ கூடாது, ‘கேட்டால் மட்டும் தரப்படும்’ என்ற சீட்டு கூடாது. நூலகர் அம்மையார் அவர்களே, மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துக்கான முதல் வரியைத் தங்களுக்காக எழுதாமல் விட்டு வைத்திருக்கிறோம்.