தாளம் எந்தப் பக்கம் போனது?

நண்பர்களே, வணக்கம்.

ஆப்பிரிக்கா தாய், அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை அதன் பிள்ளை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அடிமைக் கப்பல்களின் வரலாறு தெரிந்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் 1960களில் நைஜீரியாவின் லேகோஸ் நகரத்து கிளப்புகளில் நடந்ததற்கு அந்த வரி போதாது.

அங்கே அப்போது ஹைலைஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்க நடன இசைக்குத்தான் மவுசு. நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியும் அதில் ஜாஸ் கலந்து வாசித்துக்கொண்டிருந்தார். சியரா லியோனிலிருந்து பாடகர் ஜெரால்டோ பினோ வந்து அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடியதும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஃபெலா ஆடிப்போனார். 1969இல் அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலிஸில் சாண்ட்ரா இஸிடோர் அவருக்குக் கறுப்பின அரசியலை அறிமுகப்படுத்தினார். அதற்கப்புறம் உருவானதுதான் ஹைலைஃபும் ஜாஸும் பிரவுன் பாணியும் கலந்து நாம் இன்று கேட்கும் ஆஃப்ரோபீட்.

1970இல் ஜேம்ஸ் பிரவுனே நைஜீரியா வந்தார். அவருடைய ஆட்கள், பாஸ் கிட்டார் பூட்ஸி காலின்ஸ் உட்பட, ஃபெலாவின் கிளப்புக்குப் போனார்கள். தன் கை கால் அசைவைப் பார்த்துப் பார்த்து பிரவுனின் அரேஞ்சர் (இசையை ஒழுங்கமைப்பவர்) குறிப்பெடுத்தார் என்று ஃபெலாவின் டிரம்மர் டோனி ஆலன் பிற்காலத்தில் சொன்னார்.

சரி, அப்படியானால் ஃபங்க் தாளம், அதாவது சோலிலிருந்து பிரவுன் வளர்த்த தாளம் தூக்கலான இசையின் தாளம், லேகோஸிலிருந்து போனதா? பிரவுனின் ஃபங்க் பாட்டு 'கோல்ட் ஸ்வெட்', அந்த வருகைக்கு முன்பே, 1967லேயே வந்துவிட்டதே! இந்த டோனி ஆலனுக்கும் ஹை-ஹாட் (டிரம்ஸில் காலால் இயக்கும் ஜோடித் தாளத்தட்டு) வாசிக்க வழிகாட்டியது அமெரிக்க டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் பத்திரிகைக் கட்டுரைதான்.

அதனால்தான் இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டு "ஒரே மாதிரி இருக்கே" என்பதை நான் ஆராய்ச்சி என்று ஏற்பதில்லை. எந்த ரெக்கார்டு எந்த ஊருக்கு எப்போது வந்தது, யார் கிளப்பில் யார் உட்கார்ந்து கேட்டார் என்று தேட வேண்டும். ஆலன் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் குறிப்பெடுத்தது ரெக்கார்டில் ஏறியதா என்பது வேறு கேள்வி. 1970க்கு முன்னும் பின்னும் வந்த பிரவுன் பாட்டுகளில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேட்டுத்தான் அதைத் தீர்க்க முடியும்.

திசை தெளிவாகத் தெரியும் வழக்கும் ஒன்று உண்டு, நிஜமாகவே வழக்கு. கேமரூன்காரர் மனு டிபாங்கோவின் 'சோல் மகோசா' 1972இல் வந்தது, அதுவும் ஒரு கால்பந்துப் பாட்டு ரெக்கார்டின் பின்பக்கத்தில். நியூயார்க் டிஜேக்கள் அதைப் பிரபலமாக்கினார்கள். பத்து வருஷம் கழித்து அதன் பல்லவி மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தில் ஒலித்தது. டிபாங்கோ வழக்குப் போட்டார். ஜாக்சன் தரப்பு பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.