லோகோவைப் பதக்கத்தின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள்

[திரையில்: ஒரு டெரகோட்டா பதக்கம். ஒரு கை அதைத் திருப்பிக் காட்டுகிறது. பின்புறத்தில் எதுவும் இல்லை.]

வீட்டில் ஒரு மேசை, மாடியில் ஒரு சிறிய சூளை, இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் டெரகோட்டா நகை செய்பவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஜிமிக்கியும் ஆரமும் விற்கத் தொடங்கியதும் லோகோ ஆசை வருகிறது. உடனே திரையில் ஒரு பானை, அதன்மேல் இரண்டு இலை, பக்கத்தில் நெளிந்து வளைந்த எழுத்தில் பெயர். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே பானையும் அதே இலையும் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இந்த வீடியோவில் வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குவோம். உங்கள் லோகோ போய்ச் சேரப்போகும் இடங்களிலேயே மிகச் சிறியது எது? நகை செய்பவருக்கு அது பதக்கத்தின் பின்புறம். ஒரு சென்டிமீட்டர் இடம் கிடைத்தால் அதிகம். அங்கே மையும் இல்லை, நிறமும் இல்லை; ஈர மண்ணில் அழுத்திய பள்ளம் மட்டும்தான். அந்த இடத்தில் தெளிவாக நிற்கும் வடிவத்தைப் பைக்கும் பெட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் கொண்டுபோவது எளிது. பெயர்ப்பலகைக்கு வரைந்ததைப் பதக்கத்துக்குள் அடக்குவதுதான் கடினம்.

[திரையில்: அரிக்கமேட்டின் வரைபடம். பிறகு, முத்திரை பதித்த ஒரு சிவப்பு மண்கலத் துண்டின் கோட்டோவியம்.]

மண்ணில் பெயர் பதிப்பது பழைய வழக்கம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்பு மண்கலங்களின் துண்டுகள் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு. சில துண்டுகளில் பட்டறையின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. இந்த வகைக் கலங்களின் முத்திரைகளைப் பார்த்தால், சின்னதாக ஒரு சட்டம், அதற்குள் சில எழுத்துகள், அவ்வளவுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் பாதத்தின் வடிவில் சட்டம் அமைத்து அதற்குள் பெயரை வைப்பது இத்தாலியப் பட்டறைகளில் பரவலாக இருந்தது. அந்தக் குயவர்கள் தங்கள் தொழிலைச் சொல்லப் பானைப் படத்தைத் தேடிப் போகவில்லை. கையில் இருப்பதே பானைதானே!

ஆகவே சிறு தொழிலுக்கு என் பரிந்துரை இதுதான்: படத்தைத் தள்ளி வையுங்கள், பெயரையே லோகோவாக்குங்கள். புதிய தொழிலில் மக்கள் நினைவில் பதிய வேண்டியது பெயர். படம் வேண்டுமென்றால் இரண்டு வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

[திரையில்: "மண்" என்ற சொல் பெரிய அளவில். மெல்லச் சிறிதாகிறது.]

இனி எழுத்து. இந்தத் தொழிலில் பல பெயர்கள் "மண்" என்றே தொடங்குகின்றன, அதையே எடுத்துக்கொள்வோம். "ம" எளிய வடிவம், உள்ளே போதிய வெளி இருக்கிறது. சிறிதாக்கினாலும் தாங்கும். "ண" மூன்று சுழி எழுத்து. எட்டு மில்லிமீட்டருக்குள் சுருக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெளி அடைந்துபோய் ஒரே திட்டாகத் தெரியும். இதைவிடப் பெரிய தொல்லை புள்ளி. மண்ணில் பதிக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். புள்ளி போனால் "மண்" என்பது "மண" ஆகிவிடும். வாங்கியவர் கல்யாண நகைக் கடை என்று நினைத்துக்கொள்வார்.

தீர்வுகள் உண்டு. புள்ளியை எழுத்தின் கோட்டுத் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக, எழுத்திலிருந்து நன்றாக விலக்கி வைக்கலாம். சுழிகளை அகலப்படுத்தி, எழுத்தையே கொஞ்சம் அகலமாக வரையலாம். முழுப்பெயர் நீளமென்றால் முத்திரைக்கு முதல் எழுத்து மட்டும் போதும். முழுப்பெயர் பெட்டிக்கும் அட்டைக்கும். "கொ", "கோ" போன்ற எழுத்துகள் இருபுறமும் இடம் பிடிக்கும், "இ", "ஞ" போன்றவற்றில் வளைவு அதிகம். பெயரை இன்னும் முடிவு செய்யாதவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

[திரையில்: நீளமான மண் பட்டை, அதில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கீறல்கள்.]

அடுத்தது சுருக்கம். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். நீங்கள் பயன்படுத்தும் மண்ணில் ஒரு பட்டை செய்து, சரியாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கீறல் போட்டு, காயவைத்துச் சுட்ட பிறகு அளந்து பாருங்கள். 9.2 வந்தால் சுருக்கம் 8 சதவீதம். அதற்கேற்ப முத்திரையைப் பெரிதாகச் செய்ய வேண்டும். முத்திரையில் எழுத்து இடவலமாக மாறியிருக்க வேண்டும் என்பதை வெட்டித் தருபவரிடம் சொல்லிவிடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமான மண்ணில் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வரும். முழுதும் காய்ந்த மண்ணில் விரிசல் விடும். கொஞ்சம் இறுகி, விரல் வைத்தால் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள். சுட்டபின் பள்ளத்தில் நீர்த்த கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

நிறத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். காற்று தாராளமாகப் புகும் சூளையில் மண்ணிலுள்ள இரும்பு சிவந்து செங்கல் நிறம் தருகிறது. காற்றை அடைத்துப் புகையவிட்டால் அதே மண் கறுக்கிறது. செங்கல் சிவப்பு, கறுப்பு: இரண்டும் உங்கள் தொழிலுக்குச் சொந்தமானவை. ஒரு எச்சரிக்கை மட்டும். பழுப்பு நிறக் காகிதப் பையில் செங்கல் சிவப்பை அச்சடித்தால் மங்கிப்போகும், அங்கே கறுப்புதான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுத் திரை தேவைப்படுவதால், ஒற்றை நிற லோகோ செலவையும் குறைக்கும்.

[திரையில்: ஒரே பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், அடுத்தடுத்து.]

இன்ஸ்டாகிராம் முகவரி ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். வெளிமாநில வாடிக்கையாளரும் வருவார். எனவே பெயர் இரண்டு எழுத்திலும் வேண்டும். பலர் செய்வது, தமிழுக்கு ஒரு ஃபாண்ட், ஆங்கிலத்துக்கு வேறொரு ஃபாண்ட். இரண்டும் அறிமுகமில்லாதவர்கள்போல் பக்கத்தில் நிற்கும். ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான், பாலு தம்பி போன்ற ஃபாண்டுகளில் இரு எழுத்துகளும் உண்டு. இவை கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, லோகோவுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனாலும் ஒரே அளவில் தட்டச்சு செய்தால் தமிழ் பெரும்பாலும் அகலமாகத் தெரியும். எண்ணை நம்பாமல் கண்ணை நம்பி ஏதாவது ஒன்றைச் சிறிதாக்குங்கள். தமிழ் எழுத்தின் வளைவை வெட்டி ஆங்கில எழுத்தின் சாயலுக்குக் கொண்டுவரும் வேலை மட்டும் வேண்டாம். கடைசியில் இரண்டுமே படிக்க முடியாமல் போகும்.

லோகோ தயாரானபின், ஒரு வாடிக்கையாளர் கையில் மிக நீண்ட காலம் தங்கும் காகிதம் எது என்று யோசியுங்கள். விசிட்டிங் கார்டு பெரும்பாலும் அன்றே தொலைந்துவிடும். பை கிழியும். "தண்ணீர் படாமல் வையுங்கள், கீழே போடாதீர்கள், வாசனைத் திரவியம் அடித்தபின் அணியுங்கள்" என்று எழுதிய பராமரிப்பு அட்டைதான் நகைப்பெட்டியிலேயே கிடக்கும். உங்கள் பெயர், தொலைபேசி எண், நீங்கள் பேசும் தொனி எல்லாம் அந்த அட்டையில் இருக்கட்டும். "உடைந்த தோட்டுக்கு இணை செய்து தருகிறோம்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், எந்த லோகோவையும்விட அது உங்களை அடையாளம் காட்டும். ஆனால் செய்து தருவதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

[திரையில்: ஒரு ஒப்பந்தத் தாள், கையெழுத்திடும் இடம்.]

வடிவமைப்பாளரிடம் கொடுத்து வரையச் சொல்கிறீர்கள் என்றால், பணம் கொடுத்தவுடன் லோகோ முழுக்க உங்களுடையது என்று எண்ண வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத் தாள் போதும்: முழு உரிமையும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் மாற்றித் தரப்படுகிறது என்று எழுதி வாங்குங்கள். அதோடு எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் வெக்டர் கோப்பையும், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத கோப்பையும், கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக் படத்தை வைத்து நல்ல முத்திரை வெட்ட முடியாது.

பெயரையும் லோகோவையும் வணிக முத்திரையாக (டிரேட்மார்க்) பதிவு செய்வதற்கான பொருள் வகைப்பாட்டில் நகைகள் 14-ஆம் வகுப்பில் வருகின்றன. மண்பாண்டமும் விற்றால் அது 21-ஆம் வகுப்பு, தனிக் கட்டணம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பொருளையோ ஊரையோ அப்படியே சொல்லும் பெயர்களுக்கு, அதாவது "களிமண் நகைகள்" போன்றவற்றுக்கு, ஆட்சேபம் வரும். அதனால் பெட்டி அச்சடிக்கும் முன்பே வணிக முத்திரைப் பதிவகத்தின் இணையத் தேடலில் உங்கள் பெயரை எழுத்துப்படியும் ஒலிப்படியும் தேடிப் பாருங்கள். விண்ணப்பம் போட்ட அன்றிலிருந்து பெயருக்கு அருகே "டிஎம்" போடலாம். வட்டத்துக்குள் "ஆர்" போடுவது பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான்.