ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘பெரிய ஐடி கம்பெனி வேலை லாபமா, நஷ்டமா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று லாபம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்: கொழுத்த சம்பளம், நிலையான வேலை, அப்பா அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு. ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தை வீடே கூடிப் படிக்கும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைவர் அதைப் புரட்டவே இல்லை.

சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கணக்கில் அது மாதம் ஒரு லட்சம். பெண் பார்க்கப் போகிற இடத்திலும் அதே ஒரு லட்சம்தான்! பட்டியலைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, 6 லட்சம். அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பிஎஃப், 72,000 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, 4.81 சதவீதம், 28,860. வேரியபிள் பே, அதாவது கூடிக் குறையும் ஊக்கத்தொகை, மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் 1,20,000. இந்த மூன்றும் சிடிசியில் உண்டு, மாதச் சம்பளத்தில் கிடையாது. மிச்சம் 9,79,140, மாதத்துக்கு 81,595. அதில் ஊழியர் பங்கு பிஎஃப் 6,000 போனால் 75,595. தொழில்வரியை நான் இன்னும் தொடவே இல்லை.

பிஎஃப் நம் பணம்தானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கிராஜுவிட்டி? நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான். மூன்றாம் ஆண்டில் கம்பெனி மாறினால் வருடாவருடம் சிடிசியில் காட்டிய அந்த 28,860 கடுதாசியோடு சரி. வேரியபிள் பேயைப் பல கம்பெனிகளில் கம்பெனி லாபம், பிரிவின் வருமானம், தனிப்பட்ட ரேட்டிங் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். உயிரைக் கொடுத்து உழைத்தாலும் பிரிவு சுணங்கினால் தொகையும் சுணங்கும். ரேட்டிங்குக்கு ‘பெல் கர்வ்’, அதாவது ஒவ்வொரு படிக்கும் இத்தனை பேர் என்ற முன்கூட்டிய பங்கீடு, வைத்திருக்கும் இடத்தில் டீமே சிறப்பாகச் செய்தாலும் கடைசிப் படிக்கு ஒருவரைப் பிடித்துப் போட்டே ஆக வேண்டும். மேனேஜரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது நிலையான வேலை. நடுவர் அவர்களே, டிசிஎஸ் 2025 ஜூனில் ஒரு விதி கொண்டுவந்தது: வருடத்தில் 225 நாள் பில்லிங்கில், அதாவது வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் வேலையில், இருக்க வேண்டும்; பெஞ்ச், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது, 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே மொத்த ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலையில் இருப்பவர்கள். ஏன் அவர்கள்? சர்வீஸ் கம்பெனி ஆளைக் காட்டித்தான் வாடிக்கையாளரிடம் பில் போடுகிறது. பன்னிரண்டு வருடம் ஆனவர் கோடு எழுதுவதை விட்டு, எக்செல் ஷீட்டும் ஸ்டேட்டஸ் காலுமாக மாறியிருப்பார். புராஜெக்ட் முடிந்ததும் அவர் பெயரை அடுத்த டீமுக்கு அனுப்புவார்கள். அந்த டீமின் பட்ஜெட்டில் அவர் சம்பளத்துக்கு இரண்டு ஜூனியர்களை எடுக்கலாம். சம்பளம் ஏற ஏற, பெஞ்சிலிருந்து எழுவது கடினம். எதிரணி நிலையான வேலை என்கிறதே, அதுதான் இது!

அமெரிக்கா போய்விட்டால் தப்பித்தோம் என்கிறீர்களா? கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரைக் குறைத்தது. எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். குழந்தையின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன் எல்லாம் அந்த 60 நாளுக்குள்.

நாமே விலகலாம் என்றாலோ, பல கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். புதுக் கம்பெனி ‘முப்பது நாளில் சேர முடியுமா?’ என்று கேட்கும். மீதி நோட்டீஸ் நாளுக்கு ஈடாக பை-அவுட் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், பல ஒப்பந்தங்களில் அதை ஏற்பதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம்.

காப்பீடு நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அப்பாவின் சர்க்கரை நோய்க்குப் கம்பெனி எடுக்கும் பெரும்பாலான குரூப் பாலிசிகளில் முதல் நாளே பாதுகாப்பு உண்டு. ஆனால் அது வேலையின் கடைசி நாளோடு முடிகிறது. அதன் பிறகு புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். அந்த இடைவெளியில் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தால் பில்லை யார் கட்டுவது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.